பிஏ முடிச்சா என்ன வேலை? மூணு வருஷத்த வீணாக்காம கரையேறுறது எப்படி

"பிஏ ஹிஸ்டரியா? அப்ப வாத்தியாரா போயிருவ." இத என்கிட்ட சொல்லாத சொந்தக்காரங்களே கிடையாது. ஒரு கல்யாணப் பந்தியில சாம்பார் வாளியோட வந்த சித்தப்பா ஒருத்தரு, இலையில ஊத்தாம நின்னு இதையே கேட்டாரு, எனக்கு பக்கத்துல உக்காந்திருந்த பாலிடெக்னிக் பையன்கிட்ட ஒண்ணும் கேக்கல. ஏன்னா அவன் படிப்போட பேருலயே வேலை இருக்கு (கிடைக்குதா இல்லையாங்கறது வேற கதை). ஹிஸ்டரி, எக்கனாமிக்ஸ், தமிழ், இங்கிலீஷ் லிட்ரேச்சர், சோசியாலஜி இதுக்கெல்லாம் பேருல வேலை ஒட்டிட்டு வராது, நாமதான் ஒட்டணும், எப்படி ஒட்டுறதுன்னு அப்ப எனக்கு சொல்லித்தர யாரும் இல்ல, அதனாலதான் இத எழுதறேன்.

நான் திண்டுக்கல் பக்கம். கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஏ ஹிஸ்டரி, 2012ல முடிச்சேன். இப்ப சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில, அவங்க ப்ராடக்ட எப்படி யூஸ் பண்றதுன்னு ஹெல்ப் பக்கம் எழுதுற டீம்ல லீடா இருக்கேன். டெக்னிக்கல் ரைட்டிங்னு பேரு. புதுசா ஆள் எடுக்கறப்ப ரெஸ்யூம் பாக்குறதும் நான்தான். கை நடுங்கிட்டு இன்டர்வியூவுக்கு போனதும் ஞாபகம் இருக்கு, இப்ப எதிர்ல உக்காந்து கேள்வி கேக்குறதும் பழகிருச்சு.

முதல்ல இந்த லிபரல் ஆர்ட்ஸ்ங்கற வார்த்தையப் பத்தி. அதச் சொன்னாலே நம்மாளுங்களுக்கு சோனிபட்ல இருக்கிற அசோகா, ஸ்ரீசிட்டில இருக்கிற க்ரியா, இல்லன்னா அமெரிக்காவுல வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சின்ன காலேஜுங்கதான் தோணும், பெரிய ஃபீஸ், பெரிய வீட்டுப் பசங்கன்னு. ஆனா உங்க மார்க் ஷீட்ட எடுத்துப் பாருங்க. பார்ட் 1 தமிழ், பார்ட் 2 இங்கிலீஷ், பார்ட் 3ல மேஜரும் (முக்கியப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்), பார்ட் 4ல நான்-மேஜர் எலக்டிவ், சுற்றுச்சூழல், பார்ட் 5ல என்எஸ்எஸ், என்சிசி. ஒரு பாடத்த ஆழமா படி, கூட நாலு பாடத்த தொட்டுப் பாரு, ரெண்டு மொழியில எழுது, வெளிய போயி மக்களோட வேலை செய். அமெரிக்காவுல லட்சம் லட்சமா கட்டி வாங்குறதும் அடிப்படையில இதே சட்டகம்தான், என்ன ஒண்ணு, அங்க கிளாஸுல இருபது பேரு, இங்க அறுபது பேரு, அங்க வாரா வாரம் கட்டுரை எழுதி திட்டு வாங்கணும், இங்க செமஸ்டர் கடைசியில கைடு வாங்கினா போதும். மதுரையில 1881ல அமெரிக்க மிஷனரிங்க ஆரம்பிச்ச அமெரிக்கன் காலேஜுக்கும், பக்கத்துல லேடி டோக் காலேஜுக்கும் ஒஹையோவுல இருக்கிற ஓபர்லின் காலேஜோட ரொம்ப வருஷ தொடர்பு உண்டு, அங்க டிகிரி முடிச்ச பசங்க இங்க வந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துட்டுப் போவாங்க. அதனால இது நமக்கு ஒண்ணும் அந்நியமான சரக்கு இல்ல, நாமதான் அத பார்ட் பார்ட்டா பிரிச்சு மனப்பாடம் பண்ணி முடிச்சிருறோம்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம், முன்னாடியே சொல்லிடறேன். ஆர்ட்ஸ் படிச்சவங்களுக்கு ஆரம்பம் மெதுவாதான் இருக்கும். என் முதல் சம்பளம் 8500 ரூபா, அதே ரூம்ல இருந்த பிஇ பையனுக்கு அதுல ரெண்டு மடங்குக்கு மேல. அந்த ரெண்டு வருஷம் ஊருக்கு ஃபோன் பண்ணவே கூச்சமா இருந்துச்சு. அப்புறம் வேலையில ஒரு கட்டத்துக்கு மேல போனா மெயில் எழுதறது, கஸ்டமர் கோவத்த புரிஞ்சிக்கிறது, நாலு பேரு நாலு விதமா சொல்றதுல எது சரின்னு பிரிச்சுப் பாக்குறதுன்னு வேலையோட தன்மையே மாறும், அப்பதான் நம்ம பக்கம் காத்தடிக்கும். எல்லாருக்கும் அடிக்கும்னு சொல்ல மாட்டேன், தானா அடிக்காது.

பெரிய பேருங்கள உதாரணம் காட்டுறவங்க ஒரு பாதிய விட்டுருவாங்க. பெப்சிகோவுக்கு 2006ல இருந்து 2018 வரைக்கும் சிஇஓவா இருந்த இந்திரா நூயி தாம்பரத்துல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல டிகிரி படிச்சவங்கதான், மேனேஜ்மென்ட் உலகமே தேடிப் படிச்ச சி.கே. பிரகலாத் லயோலாவுல பிஎஸ்சி பிசிக்ஸ்தான். ரெண்டு பேருமே சாதாரண மூணு வருஷ டிகிரியில ஆரம்பிச்சவங்க. ஆனா அதோட நிக்கல. அந்தம்மா ஐஐஎம் கல்கத்தா, அப்புறம் யேல். இவரு ஐஐஎம் அகமதாபாத். டிகிரி அடிமனை மாதிரி, அதுக்கு மேல ஒரு தளமாவது கட்டணும். எந்த தளம்ங்கறதுலதான் நம்ம பசங்க குழம்புறாங்க, அதுக்கு அப்புறம் வருவோம்.

இப்ப என்ன செய்யணும்னு பாப்போம். நீங்க முதல் வருஷம்னா முதல் வேலை எழுதுறது. கவிதை இல்ல, கவிதையும் எழுதுங்க, ஆனா நான் சொல்றது வேற. ஒரு அரசாணையோ, பேங்க்ல ஒட்டியிருக்கிற நோட்டீஸோ, இன்சூரன்ஸ் பாலிசி பின்னாடி பொடி எழுத்துல இருக்குமே அதோ, ஏதாவது ஒண்ண எடுங்க. அத உங்க அத்தைக்கு புரியற மாதிரி தமிழ்ல அரைப் பக்கம் எழுதுங்க. எழுதிட்டு நிஜமாவே அத்தைகிட்ட படிச்சுக் காட்டுங்க. அவங்க "அப்ப நான் எந்த ஆபீஸுக்குப் போகணும்?"னு கேட்டா நீங்க எழுதுனது பத்தல, திரும்ப எழுதுங்க. அதையே அப்புறம் இங்கிலீஷ்ல எழுதுங்க, தப்பும் தவறுமா இருந்தாலும் பரவால்ல. வாரத்துக்கு ஒண்ணுன்னு வச்சா மூணு வருஷத்துல நூறு தாண்டிரும். தமிழும் இங்கிலீஷும் ரெண்டுலயும் தெளிவா எழுதத் தெரிஞ்ச ஆள் கிடைக்காம நாங்க எத்தன மாசம் தேடியிருக்கோம்னு எனக்குத்தான் தெரியும். இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு தமிழ் வரல, தமிழ் மீடியம் பசங்க இங்கிலீஷ்னா ஒதுங்கிடறாங்க, நடுவுல ஒரு பெரிய காலி இடம் இருக்கு, போயி உக்காந்துக்கோங்க.

ரெண்டாவது, அலைடும் நான்-மேஜர் எலக்டிவும். ஃப்ரெண்டு எடுத்தான்னு எடுக்காதீங்க, "அந்த மிஸ் மார்க் நல்லா போடுவாங்க"ன்னும் எடுக்காதீங்க. சாய்ஸ் இருந்தா ஸ்டாடிஸ்டிக்ஸ் பக்கமோ, கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் நடத்துற பேப்பரோ, காமர்ஸ்காரங்க நடத்துற டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் பேப்பரோ எடுங்க. ஆர்ட்ஸ் பையன் ரெஸ்யூம்ல எண்ணைக் கண்டு பயப்படாத ஒரு அடையாளம் இருந்தா, பாக்குறவங்க கண்ணு அங்க ஒரு நிமிஷம் நிக்கும், சத்தியமா நிக்கும்.

கூடவே கைத்தொழில் மாதிரி ஒண்ணு. எக்செல்ல பிவட் டேபிள் வரைக்கும் போடத் தெரியணும், அது ஒரு மாச வேலை. ஊர்ல இன்னும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தா லோயர், ஹையர் முடிச்சிருங்க, கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும், குரூப் 4ல டைப்பிஸ்ட் போஸ்டுக்கு அது இல்லாம முடியாது, மத்த வேலைக்கும் விரல் வேகம் கெட்டுப் போகாது. நான் முதல்வன் திட்டத்துல காலேஜ்லயே கோர்ஸ் வருது, 2022ல ஆரம்பிச்சது, பாதிப் பேரு அட்டெண்டன்ஸுக்காக உக்காந்துட்டு ஃபோன் நோண்டுறாங்க. கொஞ்சம் கணக்கு தைரியம் இருந்தா ஐஐடி மெட்ராஸோட டேட்டா சயின்ஸ் ஆன்லைன் டிகிரி இருக்கு, பிஏ படிச்சிக்கிட்டே அதையும் படிக்கலாம், ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க யுஜிசி 2022லயே அனுமதி கொடுத்திருச்சு. அது லேசுப்பட்டது இல்ல, பாதியில விட்டவங்களும் என் டீம்லயே இருக்காங்க, ஆனா பாதி படிச்சதே அவங்களுக்கு உதவுது.

இதெல்லாம் பக்கவாத்தியம். கச்சேரி எதுன்னா உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். இதுல கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா என் பொழப்பே இதுலதான் திரும்புச்சு.

எங்க கிளாஸுல முக்கால்வாசிப் பேரு சீனியர்ங்க பைண்டு பண்ணி வச்சிருந்த ப்ராஜெக்ட வாங்கி அட்டைய மாத்தி, முன்னுரைய மாத்தி கொடுத்தாங்க. சுதந்திரப் போராட்டத்துல அவரோட பங்கு, இவரோட பங்கு. நானும் அப்படித்தான் கொடுத்திருப்பேன், சீனியர் 300 ரூபா கேட்டாரு, என்கிட்ட இல்ல. சரி, நம்ம ஊரு பூட்டப் பத்தி எழுதுவோம், பஸ் காசு கூட மிச்சம்னு ஆரம்பிச்சேன். திண்டுக்கல் பூட்டுக்கு அப்ப புவிசார் குறியீடு கூட கிடையாது, அது 2019லதான் கிடைச்சுது.

ஒரு பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒருத்தரு அரத்த வச்சு சாவியோட பல்ல ராவிக்கிட்டிருந்தாரு, பக்கத்துல மாங்காய் பூட்டு நாலு கெடந்துச்சு. "அய்யா, முன்ன இங்க எத்தன பட்டறை இருந்துச்சு?"ன்னு கேட்டேன். தலைய நிமித்தாம ஒரு எண்ணிக்கை சொன்னாரு. தெருமுனையில டீக்கடைக்காரர்கிட்ட கேட்டா அதுல பாதி கூட இல்லன்னாரு. பூட்டு ஏவாரம் பண்ற கடைக்காரரு மூணாவதா ஒண்ணு சொன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு, ப்ராஜெக்ட்ல எத எழுதறது? எங்க சாரு கேட்டது ஒரே கேள்வி: "மூணு பேரும் எத பட்டறைன்னு எண்ணுனாங்க, எந்த வருஷத்த நெனச்சு சொன்னாங்க?"

திரும்பப் போயி கேட்டேன். பெரியவர் வீட்டுத் திண்ணையில உக்காந்து ராவுனவங்களையும் சேத்து எண்ணியிருக்காரு, அவரு சின்ன வயசுக் கணக்கு. டீக்கடைக்காரர் போர்டு மாட்டுன இடத்த மட்டும் எண்ணியிருக்காரு. ஏவாரி தனக்கு சரக்கு கொடுத்தவங்கள மட்டும். மூணு பேரும் பொய் சொல்லல. இத அப்படியே ஒரு பக்க டேபிளா போட்டு, யாரு, எப்ப, எத எண்ணி சொன்னாங்கன்னு எழுதினேன். அந்த ஒரு பக்கம்தான் அந்த 60 பக்கத்துல உருப்படி. மிச்சம் எல்லாம் கோட்டை வரலாறு, புக்ல இருந்து எடுத்தது.

டிகிரி முடிச்சு ஒன்பது மாசம் சும்மா இருந்தேன். ஒரு இன்டர்வியூவுல ஹெச்ஆர், "ஹிஸ்டரியா, பானிபட் போர் எத்தனை, எந்தெந்த வருஷம்?"னு கேட்டாரு. 1526, 1556, 1761னு கடகடன்னு ஒப்பிச்சேன். அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், வேலை கிடைக்கல. என் படிப்பு ஒப்பிக்கிற படிப்புன்னு நானே நிரூபிச்சுட்டு வந்திருக்கேன்னு பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது.

அடுத்தது ஹெல்த் இன்சூரன்ஸ் க்ளைம் பாக்குற ஒரு ஆபீஸ். "உங்க படிப்புக்கும் எங்க வேலைக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டாங்க. இந்த தடவ பூட்டு கதைய சொன்னேன். மூணு பேரு மூணு கணக்கு சொன்னா யாரு எத எண்ணுனாங்கன்னு போயி பாக்கத் தெரியும் சார்னேன். அவரு டேபிள் மேல இருந்த ஒரு ஃபைல தள்ளினாரு, ஆஸ்பத்திரி பில்லுல அஞ்சு நாள், டிஸ்சார்ஜ் சம்மரியில நாலு நாள். "இது எப்படி?"ன்னாரு. அட்மிஷன் நடு ராத்திரிக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாக்கணும் சார்னேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாரு.

அங்கயே ஒரு வருஷம் கழிச்சு புதுசா வர்றவங்களுக்கு எப்படி ஃபைல் பாக்குறதுன்னு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், யாரும் கேக்கல, தெனமும் ஒரே சந்தேகத்துக்கு பதில் சொல்லி வாய் வலிச்சதால எழுதினேன். அது ட்ரெயினிங்ல போச்சு, அப்புறம் அந்த மாதிரி எழுதறதே என் வேலையாச்சு, 2017ல டெக்னிக்கல் ரைட்டரா வேற கம்பெனி.

அதனால ப்ராஜெக்ட் எடுக்கறப்ப நடந்து போற தூரத்துல இருக்கறத எடுங்க. உங்க ஊரு சந்தை, கண்மாய் மடை, பவர்லூம், மீன் ஏலம், மினி பஸ் ரூட், எதுவா வேணா இருக்கலாம். பத்துப் பேர்கிட்ட பேசுங்க, தேதி போட்டு நோட்டுல எழுதுங்க, ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோட இடிக்கிற இடம் வரும், அங்கருந்து ஓடிராதீங்க, அந்த இடந்தான் உங்க சரக்கு. முடிச்சதும் ரெண்டு பக்கமா சுருக்கி ஒரு பிடிஎஃப் போட்டு வச்சுக்கோங்க, 60 பக்கத்த யாரும் படிக்க மாட்டாங்க.

ரெஸ்யூம் பத்தி சுருக்கமா. "ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர், குயிக் லேனர்" மூணையும் வெட்டுங்க, எனக்கு வர்ற எல்லா ரெஸ்யூம்லயும் இருக்கு, கண்ணுலயே படாது. அதுக்குப் பதிலா என்ன செஞ்சீங்களோ அத எழுதுங்க. என்எஸ்எஸ் மெம்பர்னு போடாம, "ஏழு நாள் கேம்ப்ல 40 வீட்டுக்குப் போயி தண்ணி கனெக்‌ஷன் விவரம் எடுத்தேன், எக்செல்ல ஏத்தினேன்"னு போடுங்க, செஞ்சிருந்தா மட்டும். டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரின்னா எத்தன ஃபங்ஷன், எவ்வளவு காசு கணக்கு பாத்தீங்கன்னு போடுங்க.

இப்ப அந்த இன்னொரு தளம். 45, 50, 55 இந்த மூணு நம்பர செவுத்துல எழுதி வச்சுக்கோங்க. மூணு வருஷ எல்எல்பி சேர பொதுப் பிரிவுக்கு டிகிரியில 45 சதவீதம், கேட் (CAT) எழுதி ஐஐஎம் போக 50, பிற்காலத்துல நெட்ங்கற தகுதித் தேர்வு எழுதி காலேஜ் லெக்சரர் ஆகணும்னா எம்ஏவுல 55. ரிசர்வேஷன் இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் குறையும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் 44 சதவீதத்துல நின்னு சட்டம் படிக்க முடியாம போனான், ஃபர்ஸ்ட் இயர்ல விட்ட அரியர்ல சொத்தையா மார்க் எடுத்ததோட விளைவு. பாஸானா போதும்னு நெனைக்கிற பேப்பர்தான் பின்னாடி கழுத்தப் புடிக்கும்.

வக்கீல் படிப்புக்கு நான் நிறைய ஓட்டு போடுவேன், ஆர்ட்ஸ் பசங்களுக்கு அது நல்லா பொருந்தும், எந்த டிகிரியா இருந்தாலும் போலாம். மக்கள் கூட வேலை பிடிக்கும்னா எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணியில மாஸ்டர் டிகிரி), எழும்பூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் வொர்க் 1952ல இருந்து இருக்கு, படிச்சவங்க என்ஜிஓவுக்கு மட்டும் இல்ல ஃபேக்டரி ஹெச்ஆருக்கும் போறாங்க. எக்கனாமிக்ஸ்ல கணக்கு வரும்னா மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் பாருங்க. ஹிஸ்டரிக்காரங்க கல்வெட்டு பக்கம் போலாம், கீழடிக்கு அப்புறம் அந்தத் துறைக்கு ஒரு மவுசு வந்திருக்கு, போஸ்டிங் என்னவோ கம்மிதான், ஆசை இருந்தா மட்டும் போங்க. பிஎட் வேற வழி தெரியாம எடுக்காதீங்க, பிள்ளைங்கள பிடிக்கும்னா எடுங்க.

டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி. இது தனிக்கதை. ஆர்ட்ஸ் பசங்களுக்கு இதுல ஒரு சாதகம் நிஜமாவே இருக்கு, யுபிஎஸ்சி மெயின்ஸ்ல ரேங்குக்கு எடுத்துக்கற 1750 மார்க்ல ஆப்ஷனலுக்கு (நாமளே தேர்ந்தெடுக்கிற பாடம்) மட்டும் 500, அது நீங்க மூணு வருஷம் படிச்ச பாடமாவே இருக்கலாம், மிச்சமும் பெரும்பாலும் எழுதுற பரீட்சைதான். ஆனா எங்க ஊரு லைப்ரரியில நான் படிக்கறப்ப பாத்த அண்ணன் ஒருத்தர அதே பெஞ்சுல ஏழு வருஷம் கழிச்சும் பாத்தேன். யுபிஎஸ்சியாவது பொதுப் பிரிவுக்கு ஆறு தடவ, ஓபிசிக்கு ஒன்பது தடவன்னு ஒரு எல்லை வச்சிருக்கு, நம்ம வீட்டுல அந்த எல்லை கிடையாது. ஆரம்பிக்கறப்பவே எந்த மாசம் நிறுத்துறதுன்னு காலண்டர்ல வட்டம் போட்டு அம்மாகிட்ட காட்டிடுங்க. முடிஞ்சா பார்ட் டைமா ஏதாவது வேலை பாத்துக்கிட்டே படிங்க, ரெஸ்யூம்ல நாலு வருஷம் காலியா இருந்தா என்ன மாதிரி ஆளே கூப்பிட யோசிப்பேன், மனசாட்சியோட சொல்றேன்.

எந்த வழியும் உடனே அமையலன்னா பெரிய ஐடி கம்பெனிங்களோட பிபிஓ பக்கம் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் பசங்கள எடுக்கறாங்க, போயி சேருங்க, நைட் ஷிஃப்டு உடம்பக் கெடுக்கும்ங்கறது உண்மை, ரெண்டு வருஷம்னு மனசுல வச்சுக்கோங்க. அங்க உக்காந்துட்டு உங்க டீம்ல யாருக்கும் புரியாத ஒரு விஷயத்த எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதி அனுப்புங்க. எனக்கு அதுதான் வேலை செஞ்சுது.

கடைசியா சர்டிபிகேட். கான்சாலிடேட்டட் மார்க் ஷீட் கைக்கு வந்த அன்னைக்கே, கவுன்டர விட்டு நகராம, பத்தாவது மார்க் ஷீட்ட பக்கத்துல வச்சு பேரு, இனிஷியல், பொறந்த தேதி எழுத்து எழுத்தா பாருங்க. எனக்கு இனிஷியல் பேருக்கு முன்னாடி வர்றதுக்கு பதிலா பின்னாடி வந்துருச்சு, ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன், அப்புறம் ஒரு கம்பெனி வெரிஃபிகேஷன்ல பிடிச்சு, நோட்டரி, அஃபிடவிட், ரெண்டு பஸ் மாறி போயி செலான் கட்டி, சரி பண்ண நாலு மாசம். அதுக்குள்ள அந்த வேலைய வேற ஒருத்தருக்கு கொடுத்துட்டாங்க.